முதல் பாடமே சாலிடிட்டியா?

கோடிங் அறவே தெரியாத ஒருவருக்குப் பிளாக்செயின்மீது ஆசை பிறக்கிறது. எங்கே தொடங்குவது? பலரும் கைகாட்டும் இடம் கிரிப்டோஸோம்பீஸ். 2017இல் வெளிவந்த இந்த இலவச விளையாட்டுப் பாடம், எத்தீரியம் என்ற பிளாக்செயினில் ஸ்மார்ட் கான்ட்ராக்ட் எனும் நிரல்களை எழுதப் பயன்படும் சாலிடிட்டி மொழியை, ஒரு ஸோம்பிப் படையை உருவாக்கவைத்தே கற்றுத்தருகிறது. இப்படிச் சாலிடிட்டியையே முதல் மொழியாகக் கொண்டு நிரலாக்கத்துக்குள் நுழையும் வழக்கத்தின் நிறைகுறைகளை எடைபோட்டுப் பார்க்க வேண்டும். ஏனென்றால் இந்தத் துறையில் அரைகுறையாகக் கற்றவரின் பிழைக்கு மற்றவர்கள் பணத்தால் விலை கொடுக்கிறார்கள்.

முதல் நிறை, ஆர்வம் அணையாமல் காப்பது. பகா எண்களை வரிசையாக அச்சிடச் சொல்லும் பாடத்தில் ‘இது எதற்கு?’ என்ற கேள்வி சீக்கிரமே எழுந்துவிடும். கிரிப்டோஸோம்பீஸிலோ முதல் பாடத்திலேயே நாம் கொடுக்கும் பெயர் ஹாஷ் செய்யப்பட்டு (எந்தத் தரவையும் நிலையான நீளமுள்ள எண்ணாக்கும் கணக்கு இது), 16 இலக்க மரபணுவாகி, ஒரு ஸோம்பியாக எழுந்து நிற்கிறது. மாறி, அரே, ஃபங்ஷன் எல்லாம் அந்த வேலையின் ஊடாகவே பழக்கமாகின்றன. அடுத்து ரீமிக்ஸ் என்ற கருவியைப் பிரவுசரில் திறந்தால் போதும். கணினியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. எழுதியதைச் செபோலியா சோதனை வலையில் ஏற்றினால், வேறொரு நாட்டில் இருக்கும் நண்பரும் அதை இயக்கிப் பார்க்கலாம். புதிதாகக் கற்பவருக்கு இது சாதாரண மகிழ்ச்சி அல்ல.

இரண்டாவது நிறை, சிக்கனம். எத்தீரியத்தில் ஒவ்வொரு கணக்கீட்டுக்கும் ‘கேஸ்’ என்ற கட்டணம் உண்டு. தரவை நிரந்தரமாக எழுதிவைப்பதற்கு மிக அதிகம். அதனால் ஒரு லூப் எழுதும்போதே ‘இது எத்தனை முறை சுற்றும்?’ என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. மற்ற மொழிகளில் கற்பவர்கள் மிகத் தாமதமாகக் கற்கும் ஒழுக்கம் இது.

குறைகள் இன்னும் ஆழமானவை. சாலிடிட்டி ஒரு தனித் தேவைக்காகப் பிறந்த மொழி. ஒரு கோப்பைத் திறக்கவோ இணையப் பக்கத்தைப் படிக்கவோ அதனால் முடியாது. தசம எண்களை வைத்து இயல்பாகக் கணக்குப் போட முடியாது. இரண்டு சொற்றொடர்கள் ஒன்றா என்று பார்க்கக்கூட அவற்றின் ஹாஷ்களை ஒப்பிட வேண்டும். சின்னச் சின்ன நிரல்களை எழுதி, உடைத்து, மறுபடி எழுதிப் பழகும் வாய்ப்பு இங்கே குறைவு. பாடத்தில் தடுக்கி நின்றால் விடையைக் காட்டும் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தி நகர்பவர் வரிகளை எழுதுகிறார். அந்த வரிகள் ஏன் அந்த வரிசையில் இருக்கின்றன என்பது அவருக்குப் பிடிபடுவதில்லை.

மொழியின் சொற்களும் ஏமாற்றும். ‘பிரைவேட்’ என்று குறித்த மாறி ரகசியமானது என்றுதான் புதியவர் நம்புவார். உண்மையில் மற்ற கான்ட்ராக்ட்டுகளால்தான் அதைப் படிக்க முடியாது. சங்கிலியில் பதிந்த மதிப்பை யார் வேண்டுமானாலும் வெளியிலிருந்து பார்க்கலாம். பாடங்களும் விரைவில் பழசாகின்றன. முன்பு எண்கள் எல்லை மீறினால், பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மானிபோல, சத்தமில்லாமல் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். அதைத் தடுக்கச் சேஃப்மேத் நூலகத்தைப் பாடமாக வைத்தார்கள். 2020 டிசம்பரில் வந்த 0.8 பதிப்பு அந்தச் சோதனையைத் தானே செய்கிறது. வாய்ப்பாடாக மனப்பாடம் செய்தவர் இங்கே குழம்புவார். எண் நினைவகத்தில் எப்படி உட்கார்கிறது என்று அறிந்தவர் குழம்பமாட்டார்.

வரிசை என்றேன். அதன் விலையை 2016 ஜூன் மாதம் காட்டியது. ‘தி டிஏஓ’ என்ற கூட்டு முதலீட்டுக் கான்ட்ராக்ட்டிலிருந்து, எத்தீரியத்தின் நாணயமான ஈதர் சுமார் 36 லட்சம் வெளியேறியது. கணக்கில் பற்று எழுதுவதற்கு முன்பே பணத்தை நீட்டிவிடும் கணக்குப்பிள்ளையைப்போல அந்த நிரல் நடந்துகொண்டது. பணத்தை வாங்கியவர் பற்று விழுவதற்குள் மறுபடி கை நீட்டினார், மறுபடியும் கிடைத்தது. ஒவ்வொரு வரியும் இலக்கணப்படி சரி. முன்பின் மாறியதுதான் பிழை. அதைச் சரிசெய்ய அடுத்த மாதம் சங்கிலியையே பிரித்தார்கள். ஒப்பாதவர்கள் பழைய சங்கிலியை எத்தீரியம் கிளாசிக் என்ற பெயரில் தொடர்ந்தார்கள்.

தேர்ந்தவர்களும் தப்பவில்லை. சாலிடிட்டிக்கான யோசனையை 2014இல் முன்வைத்த கேவின் வுட் இணைந்து நிறுவிய நிறுவனம் பேரிட்டி. அதன் வாலட்டுகள் சார்ந்திருந்த பொது நூலகக் கான்ட்ராக்ட்டுக்கு உரிமையாளரைக் குறிக்காமல் விட்டிருந்தார்கள். 2017 நவம்பரில் யாரோ ஒருவர் தன்னையே உரிமையாளராக்கிக்கொண்டு அதை அழித்தார். 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஈதர் எடுக்க முடியாமல் முடங்கியது. தேர்ந்தவர்களுக்கே இந்த நிலை என்றால், அடிப்படை தெரியாதவர் பிறர் பணத்தைத் தொடும் நிரலை எழுதலாமா?

அதற்காக ‘முதலில் நான்கு ஆண்டு கணினியியல் படி, பிறகு வா’ என்று விரட்டுவதும் தவறு. ஆசைதான் படிக்கவைக்கிறது. அந்த ஆசையின் பாதையிலேயே அடிப்படையையும் வைக்கலாம். பைத்தானில் சில வாரம் பழகிய பிறகு, ஐம்பது அறுபது வரியில் ஒரு பொம்மைச் சங்கிலி எழுதலாம். ஒவ்வொரு பிளாக்கிலும் முந்தையதன் ஹாஷ் இருக்கட்டும். நடுவில் ஓர் எழுத்தை மாற்றிப் பார்த்தால், அந்த இடத்தில் இணைப்பு அறுந்துவிடுவது கண்ணெதிரே தெரியும். பிளாக்செயினை யாரும் ஏன் ஓசையின்றித் திருத்த முடியாது என்பதை அந்த ஒரு பயிற்சி புரியவைக்கும். இணையப் பக்கத்தைச் சங்கிலியோடு இணைக்க ஜாவாஸ்கிரிப்ட் எப்படியும் வேண்டும், அது அடுத்தது. அதன்பின் ஸோம்பிகளிடம் வரலாம். கூடவே, ஓட்டையுள்ள கான்ட்ராக்ட்டுகளைத் தாக்கிக் கற்கும் எத்தர்நாட் பயிற்சியையும் செய்ய வேண்டும்.

கிரிப்டோஸோம்பீஸை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. அது நல்ல வாசல். வாசலையே வீடு என்று எண்ணக் கூடாது. பாடத்தை முடித்ததற்கான சான்றிதழ் யாரையும் உருவாக்குநர் ஆக்குவதில்லை. தி டிஏஓவின் அந்த வரிகளைப் படித்து, எந்த வரி எதற்கு முன்னால் வந்திருக்க வேண்டும், ஏன் என்று சொந்தச் சொற்களில் சொல்ல முடிந்த நாளில், பிறருடைய பணப்பெட்டியின் சாவியை நம்பி அவர் கையில் கொடுக்கலாம்.