வால்வு, ஹைப்ரிட், டிரான்சிஸ்டர்: வீட்டு ஒலியின் மூன்று பாணிகள்

பள்ளிப்பட்டுப் பக்கம் ஆம்ப்ளிஃபையர் என்றதும் ஆடித் திருவிழாவும், கம்பத்தில் கட்டிய புனலும்தான் நினைவுக்கு வரும். அது ஊர் எல்லை தாண்டிக் கேட்க வேண்டிய சத்தம்; 1940இல் தொடங்கிய அஹுஜா போன்ற கம்பெனிகளின் களம். வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒரு ஆலாபனையைக் கேட்பதற்கான பெட்டி வேறு சாதி. அதில் மூன்று பாணிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் சண்டைக்கு நிற்கும் சீடர்களும் உண்டு.

மூத்தது வால்வுப் பாணி. லீ டி ஃபாரஸ்ட் 1906இல் செய்த ஆடியான் வால்வில் தொடங்கிய மரபு அது. இங்கிலாந்தில் லீக் கம்பெனி 1945இல் சிதைவை 0.1 சதவீதத்துக்கு இறக்கி, அதையே தன் ஆம்ப்ளிஃபையருக்குப் பெயராகவும் வைத்தது. 1947இல் ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழில் வில்லியம்சன் வெளியிட்ட சர்க்யூட்டைப் பார்த்து உலகமெங்கும் ஆர்வலர்கள் வீட்டிலேயே சால்டர் வைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில்தான் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. நம் நாட்டில் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பிஇஎல்) நிறுவனம் 1961இல் பிலிப்ஸ் கூட்டுறவுடன் ரேடியோ வால்வு தயாரிப்பில் இறங்கியது. பிஇஎல் முத்திரை பதித்த பழைய இசிசி83, இஎல்84 வால்வுகளை இன்றைக்கும் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

டிரான்சிஸ்டர் பாணி நம்மூருக்கு ஹைஃபை கடை வழியாக வரவில்லை. சென்னை ரிச்சி தெரு வழியாக வந்தது. 2என்3055 ஜோடி, எஸ்டிகே ஐசி, 4440 போர்டு, ஒரு டிரான்ஸ்ஃபார்மர், தகரப் பெட்டி, முன்னால் நாலு குமிழ். எத்தனையோ வீடுகளின் முதல் ஸ்டீரியோ இதுதான். இதைக் குறைவாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பூமிக் கம்பியை ஒழுங்காக ஓட்டி, டிரான்ஸ்ஃபார்மரைத் தள்ளி வைத்துச் செய்த அசெம்பிள் செட்டில் ஹம் இராது.

வால்வு ஏன் இனிக்கிறது என்ற கேள்விக்கு நம் தம்புராவே பாதி பதில் சொல்கிறது. எந்த ஆம்ப்ளிஃபையரும் உள்ளே வரும் சுரத்தோடு அதன் மடங்குகளைக் கொஞ்சம் சேர்த்துவிடும். ஷட்ஜம் போனால் இரண்டாம் மடங்கு மேல் ஸ்தாயி ஷட்ஜம். மூன்றாவது அதற்கு மேலுள்ள பஞ்சமம். ஐந்தாவது அந்தர காந்தாரம். சுருதி சேர்ந்த தம்புராவில் தானாக எழும் அதே சுரங்கள்தான் இவை. ஏழாவது மடங்கு கைசிகி நிஷாதத்துக்குச் சற்றுக் கீழே, எங்கும் ஒட்டாமல் விழும். ஒற்றை வால்வில் ஓடும் டிரையோடு செட் பெரும்பாலும் இரண்டாம் மடங்கைத்தான் சேர்க்கிறது. காது அதைத் தப்பு என்று எடுத்துக்கொள்வதில்லை. பழைய டிரான்சிஸ்டர் செட்டுகளோ ஒரு டிரான்சிஸ்டர் விட்டு மற்றது பிடிக்கும் இடத்தில் தடுக்கி, ஏழு, ஒன்பது என்று மேல் மடங்குகளைத் தூவின. மெல்லிய சத்தத்தில்தான் அந்தத் தடுக்கல் அதிகம் உறுத்தும். நன்றாகச் செய்த இன்றைய டிரான்சிஸ்டர் செட்டில் அது காதுக்கு எட்டாது.

இதில் ஒரு கொக்கி. இரண்டு வால்வு எதிரெதிராக வேலை செய்யும் புஷ்-புல் செட்டில் இரட்டைப்படை மடங்குகள் பெருமளவு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். பாட்டும் வயலினும் மிருதங்கமும் சேர்ந்தால் மடங்குகளோடு கூட்டல் கழித்தல் அதிர்வுகளும் முளைக்கும். அவை எந்த ராகத்துக்கும் அடங்கா. எனவே வால்வு என்றாலே தேன் என்பது பாதிதான் உண்மை.

மிருதங்கத்தின் தொப்பியில் விழும் கும்கியைக் கேட்டால் மறுபக்கம் தெரியும். ஸ்பீக்கர் கோனை இழுத்து நிறுத்தும் பிடி டிரான்சிஸ்டருக்கு அதிகம். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் பேசும் வால்வு செட்டில் பிடி தளர்வு; அந்த அடி கொஞ்சம் பருத்து, கொஞ்சம் நீண்டு கேட்கும். சிலருக்கு அதுவே பிடிக்கும். எனக்குத் தொப்பி தொப்பியாகவே கேட்க வேண்டும்.

இனி நம்மூர் மின்சாரம். பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை வட்டாரம் விசைத்தறி வட்டாரம். தறிகள் ஓடும் தெருவில் 230 வோல்ட் 180க்கு இறங்கினால், 6.3 வோல்ட் கேட்கும் வால்வின் ஹீட்டருக்கு 5க்கும் குறைவாகவே கிடைக்கும். பத்து சதவீத ஏற்ற இறக்கத்தைத்தான் அது பொறுக்கும். கேத்தோடு சரியாகச் சூடேறாமல் சுரம் மங்கும், வால்வின் ஆயுளும் தேயும். அதே 180இல் 50 வாட் டிரான்சிஸ்டர் செட் சுமார் 30 வாட்டுக்கு இறங்கும். சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் தொந்தரவில்லை. நாலு இஎல்34 வால்வுகளின் ஹீட்டருக்கு மட்டும் 38 வாட் போகும். சித்திரை வெயிலில் மூடிய அறையில் அது இன்னொரு அடுப்பு. உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். செட்டை அணைத்த பிறகும் கண்டன்சரில் அது நிற்கும் என்பதைக் குழந்தைகள் உள்ள வீட்டில் மறக்கக் கூடாது. வால்வுதான் வேண்டும் என்பவர் நல்ல ஸ்டெபிலைசருக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வைக்கட்டும்.

ஹைப்ரிட் நடுப் பாணி: முன்னால் ஒரு சின்ன வால்வு, பின்னால் டிரான்சிஸ்டர் அல்லது மாஸ்ஃபெட். கருத்து நல்லது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் எடையும் விலையும் மிச்சம், சூடும் குறைவு. ஆனால் போலி அதிகம் புழங்குவதும் இதில்தான். இசிசி83க்கு உற்பத்தியாளரே அட்டவணையில் சொல்லும் பிளேட் வோல்டேஜ் 250. சின்ன அடாப்டரில் ஓடி, வால்வுக்கு அடியில் ஆரஞ்சு எல்இடி வைத்து மினுக்கும் பெட்டியில் வால்வு பெரும்பாலும் பொம்மை. வால்வுக்கு எத்தனை வோல்ட் போகிறது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவர் ‘வார்ம் சவுண்டு சார்’ என்று மட்டும் சொன்னால் அடுத்த கடைக்குப் போகலாம்.

வாட் கணக்கில்தான் ஏமாற்று அதிகம். பிஎம்பிஓ (கண நேர உச்ச வாட்) என்று போட்டு ஆயிரக்கணக்கில் எழுதிய எண்ணுக்கு மதிப்பே கிடையாது. ஜெர்மனியின் பழைய டிஐஎன் 45500 தரம் ஸ்டீரியோவுக்குச் சேனலுக்கு 6 வாட் இருந்தாலே ஹைஃபை என்று ஏற்றுக்கொண்டது. 87 டெசிபல் ஸ்பீக்கருக்கு 8 வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 96 டெசிபல் வரும். கூடத்துக்கு அது தாராளம். 50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். ஆகவே முதல் பணம் ஸ்பீக்கருக்கு. ஸ்பீக்கர் பத்து, இருபது வாட்டில் நிறைவாகப் பாடுவதாக இருந்து, கேட்பதும் குரலிசையாக இருந்தால் வால்வைப் பார்க்கலாம். மற்ற வீடுகளுக்கு நான் சொல்வது ஒரு நேர்மையான டிரான்சிஸ்டர் செட்.

ஒப்பிட்டுக் கேட்கும்போது இரண்டு செட்டையும் ஒரே சத்தத்தில் வையுங்கள். ஒரு டெசிபல் கூடினாலே அதுதான் நன்றாக இருப்பதாகக் காது சொல்லிவிடும். 1,000 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை ஏசியில் வைத்து, இரண்டிலும் ஒரே எண் வரும்வரை வால்யூமைத் திருப்ப வேண்டும். சாதாரண மீட்டர் உயர்ந்த அதிர்வெண்ணில் தடுமாறினால் 100 ஹெர்ட்ஸ் போதும்.