பொருளும் படைப்பும்

சொல்லத் தக்க கதை இருக்கிறது. அதனைப் படமாக்கப் பொருளில்லை. சொந்த முயற்சியில் இணையத் தொடர் எடுக்க முனைவோரின் நிலை இதுவே. பொருள் தருவோர் கதையையும் தம் விருப்பம்போல் வளைக்க முற்படின், அது வறுமையினும் பெரிய இடராகும்.

முஸ்தபா அக்காதின் ‘அர்ரிஸாலா’ (1976) திரைப்படத்தை எண்ணுக. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருவுருவைக் காட்டாமலும் குரலை ஒலிக்காமலும் எடுக்கப்பட்ட படம். அரபியிலும் ஆங்கிலத்திலும் தனித்தனி நடிகரைக் கொண்டு எடுத்ததால் செலவு பெருகிற்று. மொராக்கோவில் தொடங்கிய படப்பிடிப்பு அரசியல் நெருக்கடியால் தடைப்பட்டது. லிபிய அரசின் உதவியாலேயே நிறைவெய்தியது. அரசர் தயவில் வாழும் கலைக்கு அவர்தம் சினமும் உரியதாகிவிடுகிறது.

அமெரிக்கரான டல்லாஸ் ஜென்கின்ஸ் கண்ட வழி வேறு. 2019-இல் வெளிவந்த ‘தி சோசன்’ தொடரின் முதற்பருவத்துக்கு ஏறத்தாழ 16,000 பேர் பங்கு சேர்ந்து, ஒரு கோடி டாலருக்கு மேல் அளித்தனர். ஈசா (அலை) அவர்களை நடிகர் உருவில் காட்டுவது நமக்கு ஏற்புடையதன்று. ஆயினும் பொருள் திரட்டிய முறையில் நமக்குப் பாடம் உண்டு.

சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரைப் புரந்த அபுல்காசிம் மரைக்காயரை இன்றும் நன்றியோடு போற்றுகிறோம். ஆனால் அத்தகைய வள்ளல் ஒருவர் தோன்றும்வரை காத்திருத்தல் வேண்டா. ஆயிரம் இல்லங்கள் சிறுதொகை ஈந்து, செலவுக்குக் கணக்குக் கேட்டு, கதையைப் படைப்பாளியிடமே விட்டுவிடுமாயின், நம் வரலாற்றை நாமே சொல்லும் நாள் தொலைவில் இல்லை.