சொல்லப்படாத காதலும் சொல்லும் கைம்பெண்களும்: ஜஸ்வாலின் சவுத்ஹால் நாவல்

சிங்கப்பூரில் பிறந்த பஞ்சாபி எழுத்தாளர் பல்லி கௌர் ஜஸ்வால் ஆங்கிலத்தில் எழுதி, 2017இல் வெளிவந்த ‘எரோட்டிக் ஸ்டோரிஸ் ஃபார் பஞ்சாபி விடோஸ்’ என்னும் நாவல், மரபுக்கும் தன்னுரிமைக்கும் இடையிலான தலைமுறைப் போராட்டமாக எளிதில் வாசிக்கப்படக்கூடியது. அவ்வாசிப்புக்கு நாவலின் தொடக்கமே இடந்தருகிறது. சட்டப்படிப்பைப் பாதியில் கைவிட்டு, மதுக்கூடமொன்றில் பணியாற்றித் தனித்து வாழ்கிறாள் நிக்கி. பெரியோர் வழக்கப்படி மணமகன் தேட விழைகிறாள் அவள் அக்காள் மிண்டி. அக்காளின் மணவிளம்பரத்தை ஒட்டுவதற்காக லண்டன் சவுத்ஹால் குருத்வாராவுக்குச் செல்லும் நிக்கி, அங்கே பெண்களுக்கான எழுத்து வகுப்புக்கு ஆசிரியை தேவை என்னும் அறிவிப்பைக் காண்கிறாள்.

ஆனால், நாவல் முன்செல்லச் செல்ல இந்தத் தலைமுறைப் பிரிவு நிலைகுலைகிறது. எழுத்தறிவு பெற வந்த கைம்பெண்கள், தற்செயலாகக் கண்ணில் பட்ட ஒரு பாலியல் கதைநூலைப் பற்றிக்கொண்டு, தம் விழைவுகளைத் தாமே கதைகளாகச் சொல்லத் தொடங்குகின்றனர். உடலுறுப்புகளுக்கு அவர்கள் சூட்டுபவை காய்கறிப் பெயர்கள். சமையற்கட்டின் சொற்களே காமத்தின் சொற்களாகிவிடுகின்றன. நாண வேண்டியவர்கள் என்று கருதப்பட்டோர் நாணாது பேச, விடுதலை பெற்றவளாகத் தன்னை எண்ணியிருந்த ஆசிரியையே கூச்சத்தில் நெளிகிறாள். இத்துணிவு மேற்கிலிருந்து இரவல் பெற்றதன்று. மணவீடுகளில் மாப்பிள்ளை வீட்டாரைப் பச்சையாகக் கேலிசெய்து பெண்கள் பாடும் சிட்டணிப் பாடல்கள் பஞ்சாபில் நெடுங்காலமாக வழங்குபவை. எனினும் கைம்பெண்களின் துணிவுக்குக் கசப்பான காரணமும் உண்டு: அவர்களை எவரும் பொருட்படுத்துவதில்லை, இழப்பதற்கு அவர்களிடம் மணவாழ்வும் எஞ்சவில்லை.

மணமாகாத பெண்ணுக்கும் மணமான பெண்ணுக்கும் அந்தச் சலுகை இல்லை. ‘சகோதரர்கள்’ எனப்படும் இளைஞர் குழு ஒன்று தெருக்களில் பெண்களைக் கண்காணிக்கிறது. அகப்பாடல்களில் அலர் ஊர்ப்பெண்டிரின் வாய்ச்சொல்; களவை வரைவு நோக்கி விரைவுபடுத்துவதும் அதுவே. சவுத்ஹாலின் அலரோ பெண்ணின் வாயை அடைக்கிறது. வகுப்பை ஏற்பாடு செய்த குல்விந்தரின் மகள் மாயாவின் சாவு தற்கொலை என்றும், அதற்கு அவளது நடத்தையே காரணம் என்றும் ஊர் ஏற்றுக்கொண்டுவிடுகிறது. தாயும் அச்சத்தால் வாய்திறப்பதில்லை. அது கொலை என்பது பின்னரே வெளிப்படுகிறது. வாரிஸ் ஷா 1766இல் இயற்றிய ‘ஹீர்’ காப்பியத்திலும் காதலைக் காட்டிக்கொடுப்பவன் சிற்றப்பன், நஞ்சூட்டுவோர் உறவினர். ஹீரைப் பாட்டில் போற்றும் சமூகமே தன் வீட்டில் ஒரு ஹீர் பிறப்பதை அஞ்சுகிறது என்னும் முரண், இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் சவுத்ஹாலில் மாயாவின் உடலில் எழுதப்படுகிறது. நாவலின் மிக வலிமையான இழை இதுவே.

நிக்கிக்கும் ஜேசனுக்கும் இடையிலான காதல் அத்தகையதன்று. சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவன், ஆங்கிலம் பேசுபவன், குருத்வாராவிலேயே எதிர்ப்படுபவன் என இரு தரப்பையும் நிறைவுசெய்யும் வகையில் வார்க்கப்பட்ட காதலன் அவன். தாயும் மகளும் ஒருசேர ஏற்கத்தக்க ஒருவனைக் கதாசிரியரே தேடிக்கொடுத்துவிட்டால், தேர்ந்தெடுக்கும் துன்பம் நிக்கிக்கு எங்கிருந்து வரும்? மிண்டியின் விளம்பரப் பலகையை நிக்கி எள்ளுகிறாள்; அப்பலகையின் அளவுகோல்கள் பலவற்றுக்கும் ஜேசன் பொருந்துவதை நாவல் கவனித்ததாகத் தெரியவில்லை. இறுதிப் பகுதியில் குற்றத்தைத் துப்பறியும் விறுவிறுப்பு மேலோங்க, கைம்பெண்களின் கதைகளும் பின்தள்ளப்படுகின்றன.

ஷீனாவுக்கு நேர்ந்தது இன்னும் பெரிய இழப்பு. வகுப்பிலுள்ள இளங்கைம்பெண்ணான அவளே எழுத்தறிந்தவள். பிறர் சொல்லும் கதைகளை எழுதித் தருபவளும் அவளே. வேலைக்குச் செல்கிறாள், உதட்டுச்சாயம் பூசுகிறாள், ஆயினும் கைம்பெண்களின் வரிசையிலேயே அமர்கிறாள். மரபும் தன்னுரிமையும் ஒரே உடலில் நாள்தோறும் வழக்காடுவது நிக்கியிடத்திலன்று, இவளிடத்தில்தான். அவளது மறுகாதலை நாவல் கதையின் ஓரத்திலேயே நிறுத்திவிடுகிறது.