எச்சரிக்கை எந்த ஊர்வரை வருகிறது? புத்தளக் கரையோரத்தை முன்வைத்து

சுனாமிக்கு மறு ஆண்டில், இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறியது. அதன் வழியே அனர்த்த முகாமைத்துவ நிலையம் உருவானது. மாவட்டந்தோறும் அதற்கொரு கிளை, 117 என்ற அவசர இலக்கம், கரையோரமெங்கும் 77 எச்சரிக்கைக் கோபுரங்கள் என்று ஒவ்வொன்றாக வந்தன. 2009இல் டயலொக் நிறுவனமும் மொறட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இணைந்து, கைத்தொலைபேசிகளுக்கு அபாயச் செய்தி அனுப்பும் ‘டியூன்’ வலையமைப்பை அறிமுகப்படுத்தினார்கள். போரும் கடனும் அழுத்திய ஒரு சிறிய நாட்டுக்கு இது குறைந்த சாதனையல்ல. ஆயினும் கற்பிட்டியிலோ உடப்பிலோ சிலாபத்திலோ வாழ்பவரின் பக்கமிருந்து பார்த்தால், இந்த ஏற்பாட்டின் அடிப்படைக் குறை தெரிகிறது. அறிவித்தலை வெளியிட்டதும் கடமை முடிந்தது என்று அது எண்ணுகிறது. அந்த அறிவித்தல் யாரைச் சென்றடைந்தது, அவர் அதை வைத்து என்ன செய்தார் என்பதைக் கணக்கெடுக்கும் பொறுப்பு எவருக்கும் இல்லை.

கடலுக்குப் போவோருக்கான அறிவித்தலையே முதலில் எடுத்துக்கொள்வோம். வளிமண்டலவியல் திணைக்களம் கடற்பரப்பை நீண்ட துண்டுகளாகப் பிரித்தே பேசுகிறது. காங்கேசன்துறையிலிருந்து மன்னார் ஊடாகப் புத்தளம் வரை ஒரு துண்டு, புத்தளத்திலிருந்து கொழும்பு ஊடாக அடுத்த துண்டு. காற்றின் வேகம் மணிக்கு இத்தனை கிலோமீற்றர் என்று சொல்லி, கடற்றொழிலாளர்கள் அவதானமாக இருக்கும்படி கேட்டு முடிகிறது. வானிலையாளருக்கு இது போதும். புத்தளத்துக்கு இது போதாது. கற்பிட்டித் தீபகற்பத்தின் மேற்கே திறந்த கடல், கிழக்கே களப்பு. ஒரே காற்று இரண்டு பக்கத்திலும் ஒரே ஆபத்தைத் தருவதில்லை. களப்பில் சிறு தோணியில் இறால் பிடிப்பவர், கண்டக்குளியிலிருந்து இயந்திரப் படகில் ஆழத்துக்குப் போகிறவர், உடப்பில் கரைவலை இழுப்பவர், பத்தலங்குண்டுத் தீவின் வாடியில் பருவத்துக்குத் தங்கியிருப்பவர் என நால்வருக்கும் அந்த ஒரே வரிதான். அதில் ‘அவதானம்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள்? போகாதே என்பதா, போய் விரைவில் திரும்பு என்பதா, கரையோரமாகவே நில் என்பதா? அன்றைய தொழிலை இழந்தால் அன்றைய உணவை இழக்கும் குடும்பம், தெளிவில்லாத சொல்லைத் தனக்குச் சாதகமாகவே படிக்கும். அதைக் குற்றமாகச் சொல்ல முடியாது. 2013 ஜூன் 8ஆம் திகதி வீசிய கடுங்காற்றில் மேற்கு, தெற்குக் கரையோர மீனவர் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோது, முன்னறிவித்தலின் போதாமையே நாடளாவிய விவாதமானது. 2017 நவம்பர் இறுதியில் ஓகி புயல் கன்னியாகுமரி மீனவரை நடுக்கடலில் பிடித்தபோதும் அதே கேள்வி எழுந்தது. புயல் விரைந்து உருவானது உண்மை. ஆனால் கரையை விட்டுப் போனபின் வந்த செய்தி, போனவரை எட்டுவதற்கான வழி இல்லாததும் உண்மை.

ஆற்று வெள்ளத்தில் நிலைமை வேறு. இங்கே குறைந்தபட்சம் நேரம் கிடைக்கிறது. தெதுறு ஓயா குருநாகல் மாவட்டத்தில் பெய்யும் மழையைச் சுமந்து வந்து சிலாபத்துக்கு அருகே கடலில் விழுகிறது. மேலே நீர்த்தேக்கத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டால், அந்தத் தண்ணீர் கீழே ஆராச்சிக்கட்டுவையும் சிலாபத்தையும் அடையச் சில மணிநேரங்கள் செல்லும். மீ ஓயாப் படுகையில் இங்கினிமிட்டிய, தப்போவ குளங்களுக்கும் புத்தளம் நகர்ப் பக்கத்துக்கும் இடையிலும் அப்படியே. இந்த மணிநேரங்களே உயிர் காக்கும் மூலதனம். நீர்ப்பாசனத் திணைக்களம் தன் வெள்ள அறிவித்தல்களில் ஆற்றின் பெயரையும் பிரதேச செயலகப் பிரிவுகளின் பெயர்களையும் குறிப்பிடுகிறது. இது பாராட்ட வேண்டிய முன்னேற்றம். ஆனால் ஒரு பிரதேச செயலகப் பிரிவுக்குள் பல கிராம உத்தியோகத்தர் பிரிவுகள் உண்டு. ஒன்று ஆற்றங்கரையில் இருக்கும், இன்னொன்று மேட்டில். எந்த வீதி முதலில் மூடும், எந்தப் பாடசாலைக்குப் போக வேண்டும், எத்தனை மணிக்கு முன் போக வேண்டும் என்ற மூன்று விடயங்களும் அறிவித்தலில் இல்லையென்றால், வாசிப்பவர் தன் வீட்டைப் பற்றித் தானே ஊகிக்க வேண்டியதாகிறது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்த ஏற்பாட்டைக் கொடுமையான முறையில் சோதித்தது. நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். புத்தளம் மாவட்டத்தில் தெதுறு ஓயா பெருகி, சிலாபம் வைத்தியசாலைக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. புத்தளம் – அநுராதபுரம் வீதியில் கலா ஓயாப் பாலத்தருகே பயணிகள் பேருந்தொன்று வெள்ளத்தில் சிக்கி, எழுபது பேரளவில் கூரையொன்றில் தஞ்சமடைந்து மீட்கப்பட்டார்கள். இந்த நிகழ்வு ஒரு முக்கியமான உண்மையைச் சொல்கிறது. நம் அறிவித்தல்கள் நிலையான முகவரி உள்ளவரை நோக்கி எழுதப்படுகின்றன. அந்த வேளையில் மாவட்டத்தைக் கடந்து செல்பவர், பருவத்துக்கு வாடி போட்டவர், வைத்தியசாலைப் படுக்கையில் இருப்பவர் ஆகியோருக்குச் செய்தியைவிட முடிவெடுக்கும் அதிகாரியே தேவை. வீதியை மூடுபவர் ஒருவர் இருக்க வேண்டும். நோயாளரை முந்திய இரவே மாற்றச் சொல்பவர் ஒருவர் இருக்க வேண்டும்.

அதே நாட்களில் எழுந்த மற்றொரு விமர்சனம் மொழி பற்றியது. சமூக ஊடகங்களில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வந்த அறிவித்தல்களோடு ஒப்பிட்டால் தமிழில் வந்தவை குறைவு, வந்தவையும் பிந்தியே வந்தன என்று பலர் சுட்டிக்காட்டினார்கள். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. புத்தளம் மாவட்ட மக்களில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கினர் தமிழ் பேசுவோர். கற்பிட்டி முஸ்லிம்கள், உடப்புத் தமிழர், 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுத் தில்லையடியிலும் ஆலங்குடாவிலும் வேரூன்றிய குடும்பங்கள் என எல்லோரும் இதில் அடங்குவர். நள்ளிரவில் மொழிபெயர்ப்பாளரை எங்கே தேடுவது என்று அதிகாரிகள் கேட்கலாம். அந்தக் கேள்வியை ஏற்க முடியாது. வெள்ள எச்சரிக்கை கவிதையல்ல. அதன் வாக்கியங்கள் ஆண்டுதோறும் மாறுவதில்லை. ஊரும் மணியும் நீர்மட்டமும் மட்டுமே மாறுகின்றன. மும்மொழியிலும் முன்கூட்டியே எழுதி, சரிபார்த்து வைத்தால், இரவு இரண்டு மணிக்கும் இடைவெளிகளை நிரப்பி ஒரே நேரத்தில் அனுப்பலாம்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அடிக்கடி, விவரமாக எச்சரித்தால் மக்கள் பீதியடைவார்கள், இரண்டு முறை பொய்த்தால் மூன்றாம் முறை அசையமாட்டார்கள் என்பது அது. 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் பெரும் பூமியதிர்ச்சி ஏற்பட்டு, நம் கரையோர மக்கள் உள்நாட்டுப் பக்கம் ஓடினார்கள், பேரலை வரவில்லை. 2004 சுனாமியில் புத்தளம் மாவட்டத்தின் உயிரிழப்பு கிழக்கோடும் தெற்கோடும் ஒப்பிடுகையில் மிகக் குறைவு. ஆகவே கோபுரத்தின் ஒலிக்கு இங்கே அந்த நினைவின் பலமும் இல்லை. பல கோபுரங்கள் பழுதாகிக் கிடப்பதாக ஊடகங்கள் வேறு எழுதிவருகின்றன. இந்த அச்சம் நியாயமானதுதான். ஆனால் நம்பிக்கையைக் கெடுப்பது வராத அலை அல்ல. ஏன் எச்சரித்தோம், ஏன் நீக்கினோம் என்று பிறகு யாரும் வந்து சொல்லாததே கெடுக்கிறது. தாமதத்தின் விலையோ இதைவிடக் கொடியது. 2007 ஏப்ரல் 16இல் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் காலை ஏழேகால் மணியளவில் முதல் துப்பாக்கிச் சூடு நடந்தது. மாணவருக்கு மின்னஞ்சல் போனது ஒன்பது மணி கடந்து. அடுத்த தாக்குதல் அதன்பின் சில நிமிடங்களில். கொல்லப்பட்டவர் 32 பேர். ஒவ்வொருவரின் முகவரியும் நிர்வாகத்தின் கையில் இருந்த வளாகத்திலேயே, முடிவெடுக்கத் தயங்கிய இரண்டு மணிநேரம் இப்படியானது. எவருடைய முகவரியும் பதியப்படாத வாடிகளைக் கொண்ட கரையில் அந்தத் தயக்கம் இன்னும் ஆபத்தானது.

கைத்தொலைபேசி எல்லோரிடமும் இருக்கிறதே, வேறென்ன வேண்டும் என்பார்கள் சிலர். டித்வாவின்போது மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல இடங்களில் அறுந்தன. எப்போது மிகவும் தேவையோ அப்போதே கைவிடும் கருவி அது. பங்களாதேஷ் இதற்கு வேறு விடை கண்டது. 1970 புயலில் மூன்று இலட்சத்துக்குக் குறையாதோரை இழந்த அந்நாடு, கிராமத் தொண்டர்களைப் பயிற்றுவித்துக் கையொலிபெருக்கியும் கொடியும் தந்தது, புகலிடங்கள் கட்டியது. 2007இல் சிட்ர் புயலின் உயிரிழப்பு மூவாயிரத்துச் சொச்சம். அதுவும் பெரிய துயரம். ஆனால் வித்தியாசம் வெறும் செய்மதியால் வந்ததல்ல. புத்தளத்தில் இதற்கான அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. பள்ளிவாசல் ஒலிபெருக்கி, கத்தோலிக்கக் கிராமங்களின் தேவாலய மணி, கோயில் பரிபாலன சபை, மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஆகியவை நாள்தோறும் ஊரைக் கூட்டிப் பழகியவை. வதந்தி பரவும் என்ற கவலைக்கு விடை, பிரதேச செயலாளர் உறுதிப்படுத்திய வாசகத்தை மட்டுமே வாசிப்பது என்ற எழுதப்பட்ட ஒழுங்கு. அதோடு, படகையும் இயந்திரத்தையும் பாதுகாப்பாக ஏற்றிவைக்கும் இடத்தையும் அந்த வாசகம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தன் ஒரே சொத்தை விட்டு மீனவர் நகரமாட்டார்.

ஆகவே கேட்க வேண்டியது புதிய கோபுரமோ புதிய செயலியோ அல்ல. ஒவ்வொரு எச்சரிக்கைக்குப் பின்னும் மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவு ஒரு பக்கக் கணக்கை வெளியிட வேண்டும். எந்த மொழியில் எத்தனை மணிக்கு அனுப்பப்பட்டது, எந்தக் கிராம உத்தியோகத்தர் பிரிவில் யார் பெற்றுக்கொண்டார், எத்தனை குடும்பங்கள் நகர்ந்தன என்பவை அதில் இருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இந்தக் கணக்கைக் கேட்கும் உரிமையை ஒவ்வொரு பிரசைக்கும் தருகிறது. அடுத்த வடகீழ்ப் பருவமழைக்கு முன்னர் உங்கள் சங்கத்தின் பெயரில் பிரதேச செயலகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள்.