பகலில் கழுவிய படங்கள்

ஃபிலிம் காலத்து ஸ்டுடியோக்காரர் யாரிடமாவது போய், போட்டோ பேப்பர் உறையைப் பட்டப்பகலில் பிரித்துப் போடச் சொன்னால் அடிக்க வருவார். வெளிச்சம் பட்ட பேப்பர் குப்பைக்கு என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். 1933இல் பிரஸ்ஸல்ஸில் பிறந்த பியர் கோர்தியேயின் கலை அந்தக் குப்பையிலிருந்துதான் தொடங்குகிறது. 1956 நவம்பரில் ஒரு ஜெர்மன் பெண்ணுக்கு வாழ்த்து எழுத உட்கார்ந்தவர், போட்டோ பேப்பரில் நகப்பூச்சால் எழுதி, அதை ரசாயனத்தில் போட்டார். வந்தது கெமிகிராம். வாழ்த்தைப் பார்த்து அந்தப் பெண் என்ன நினைத்தாரோ, கோர்தியே மட்டும் அதற்குப் பிறகு அந்த முறையை விடவே இல்லை.

விஷயம் எளிது. வெளிச்சம் பட்ட பேப்பரில் டெவலப்பர் பட்டால் கறுக்கும். ஹைப்போ பட்டால், கறுத்திருக்க வேண்டிய வெள்ளி உப்பு கரைந்துபோய் அந்த இடம் வெள்ளையாகவே நின்றுவிடும். எது முந்திக்கொள்கிறதோ அதற்கே இடம் சொந்தம். மேலே வார்னிஷோ மெழுகோ எண்ணெயோ பூசிவிட்டால் ரசாயனம் உள்ளே போய்ச் சேரத் தாமதமாகும். கோர்தியேயின் வித்தை முழுக்க அந்தத் தாமதத்தில் இருக்கிறது.

வார்னிஷில் ஒரு கோடு கீறி டெவலப்பரில் விட்டால் கீறல் கறுப்பாகும். சற்று நேரத்தில் கீறலின் ஓரத்து வார்னிஷ் இளகி, மயிரிழை அளவுக்குப் புதுப் பேப்பர் வெளியே தெரியும். அப்போது எடுத்துத் தண்ணீரில் ஓர் அலசு அலசி ஹைப்போவில் போட்டால், கறுப்புக்கு இருபுறமும் வெள்ளை இழை. மறுபடி அலசல், டெவலப்பர். மறுபடி ஹைப்போ. ஒற்றைக் கீறல் இப்படிக் கறுப்பும் வெள்ளையுமாக அகன்றுகொண்டே போய், பக்கத்துக் கீறலிலிருந்து வரும் இழைகளோடு முட்டி நிற்கும். மரத்தை அறுத்தால் தெரியும் வளையங்களைப் போல, ஒவ்வோர் இழையும் ஒரு முக்கலின் கணக்கு. இழையின் அகலத்தைப் பார்த்தே எங்கே சட்டென்று எடுத்தார், எங்கே ஊறவிட்டார் என்று ஊகித்துவிடலாம்.

இதனால்தான் இதை ஓவியம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஓவியர் நினைத்த இடத்தில் கோடு போடுவார், பிடிக்காவிட்டால் அதன் மேலேயே பூசி மறைப்பார். இங்கே இழை என்பது நடந்ததன் தடயம். கேமரா இல்லை, லென்ஸ் இல்லை, இருட்டறையும் இல்லை. ஆனாலும் நடந்தது ஒன்று பேப்பரில் பதிந்திருக்கிறது. போட்டோவிடம் வேறென்ன கேட்கிறோம்?

அரூபத்தைக் கேமராவிலேயே தேடியவர்கள் உண்டு. ஆல்வின் லாங்டன் கோபர்ன் 1917 வாக்கில் மூன்று கண்ணாடிகளை முக்கோணமாகக் கட்டி, அதன் வழியே எடுத்துப் பொருள்களைச் சில்லுசில்லாக்கினார். ஆரோன் சிஸ்கிண்ட் உரிந்த பெயின்டையும் கிழிந்த போஸ்டரையும் முட்டிக்கொள்ளும் அளவுக்கு நெருங்கி எடுத்தார். சிஸ்கிண்டின் சுவர்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் அவற்றின் முன்னால் நின்றால் ‘இது எதனுடைய படம்?’ என்று மனம் துருவத் தொடங்கிவிடுகிறது. விடை கிடைத்ததும் கண் பாதி வேலையை நிறுத்திவிடுகிறது. (கேமராவை ஆட்டி எடுத்த வண்ணத் தீற்றல்களைச் சட்டம் போட்டு மாட்டுகிறவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.) கெமிகிராம் முன்னால் அந்தக் கேள்விக்கே வேலையில்லை. ‘இது எப்படி இவ்வளவு தூரம் வந்தது?’ என்று ஒவ்வோர் இழையாகப் பின்னோக்கிப் போகத்தான் தோன்றுகிறது.

தடுப்பு எதுவும் பூசாமல் ரசாயனத்தைத் தன்போக்கில் ஓடவிடும் கெமிகிராம்களும் உண்டு. யார் செய்தாலும் ஏதோ அழகாக வந்துவிடும், எனக்கு அதுதான் உறுத்தல். கோர்தியே பிடியை விடாதவர். வெள்ளைச் சுவரில் உலகத்தையே வரைய நினைத்தவனைப் பற்றி போர்ஹெஸ் எழுதிய ‘லா சூமா’ கவிதையை ஒட்டி அவர் ஒரு படம் செய்திருக்கிறார். நுழைந்தால் வெளியே வரத் தெரியாத சிக்கல் வழிகள் அதில். லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் மியூசியம் 2010இல் கேமரா இல்லாப் படங்களுக்கென்றே நடத்திய கண்காட்சியில், இடம்பெற்ற ஐந்து பேரில் இவரும் ஒருவர்.

படங்கள் பலவற்றுக்கு அவர் வைத்த தலைப்பு வெறும் தேதி. நெகட்டிவ் கிடையாது, அதனால் இரண்டாவது பிரிண்டும் கிடையாது. சிறிதாக்கி அச்சிட்டால் மயிரிழைகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சாம்பலாகிவிடும். போனில் பார்ப்பது சுத்த வீண். அசலைப் பார்க்க வாய்த்தால், காவலாளி முறைக்கும் வரை கிட்டே போய்விடுங்கள்.