ஒரு சிறு கோடு

என் தங்கை மகன் ஒருவன் ஒரு கம்பெனியில் மூன்று வருஷ ஒப்பந்தத்தில் வேலை பார்த்துவந்தான். கெடு முடியும் சமயம், மறுபடியும் கையெழுத்திடச் சம்மதம் என்று மேலதிகாரிக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதினான். எழுத நினைத்தது 'ரீ-ஸைன்'. நடுவிலிருந்த சிறு கோட்டை விட்டுவிட்டான். கோடு போனதும் அது 'ரிஸைன்' ஆகிவிட்டது. ராஜினாமாச் செய்யத் தயார் என்று எழுதிக் கொடுத்தவனை யார் தடுக்கப் போகிறார்கள்? விஷயம் தெளிவாவதற்குள் ஒரு வாரம் அவன் வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை.

அந்த வாரத்தில்தான் 'ஷார்ட்டர் ஆக்ஸ்போர்டு' அகராதியின் ஆறாம் பதிப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 2007-ல் வெளிவந்த இந்தப் பதிப்பில் ஏறக்குறைய 16,000 சொற்களிலிருந்து அந்தச் சிறு கோட்டை எடுத்துவிட்டார்கள். 'ஐஸ்-க்ரீம்', 'ஃபிக்-லீஃப்' பிரிந்து இரண்டிரண்டு சொற்களாகிவிட்டன. 'பம்பிள்-பீ'யும் 'க்ரை-பேபி'யும் ஒட்டிக்கொண்டு ஒற்றைச் சொற்களாகிவிட்டன. கோட்டை எங்கே போடுவது என்று ஜனங்களுக்கு நிச்சயமில்லை, அச்சுப் பக்கத்தின் அழகையும் அது கெடுக்கிறது என்று பதிப்பாசிரியர் தரப்பில் காரணம் சொன்னார்கள்.

அவர்கள் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட 'டு-டே', 'டு-மாரோ' என்று கோடு போட்டு எழுதியவர்கள் உண்டு. இன்று அப்படி எழுதுவாரில்லை. அகராதிக்காரர் சட்டம் செய்கிறவரல்ல, சாட்சி சொல்கிறவர். 1961-ல் வந்த வெப்ஸ்டர் மூன்றாவது அகராதி, பேச்சுவழக்குச் சொற்களைப் போதிய அளவு கண்டிக்காமல் சேர்த்துக்கொண்டது என்று அமெரிக்கப் பத்திரிகைகள் பல சீறி விழுந்தன. அந்தச் சண்டையில் நான் அகராதியின் பக்கந்தான்.

ஆனால் ஜனங்களுக்குத் தெரியவில்லை என்பது ஒரு காரணமா? தெரியாதவனுக்காகத்தானே அகராதி!

இங்கிலீஷ்காரருக்கு இதில் அதிகக் கஷ்டமில்லை. 'பிளாக்' என்ற சொல்லையும் 'பேர்டு' என்ற சொல்லையும் சேர்த்துச் சொன்னால் ஒரு குறிப்பிட்ட பாடும் பறவை; பிரித்துச் சொன்னால் கறுப்பாயிருக்கும் எந்தப் பறவையும். அந்தப் பாடும் பறவையிலும் பெட்டையின் நிறம் கறுப்பல்ல, பழுப்பு. எந்தச் சொல்லில் அழுத்தம் விழுகிறது என்று அவர் காது தாய்மடியிலேயே கற்றுக்கொண்டுவிடுகிறது. நாமோ இங்கிலீஷைக் கண்ணால் கற்றவர்கள். இருபது சொச்சம் பேர் விருந்துக்கு வந்தார்கள் என்பதற்கும், விசித்திரப் பேர்வழிகள் இருபது பேர் வந்தார்கள் என்பதற்கும் எழுத்தில் உள்ள வித்தியாசம் அந்த ஒரு கோடுதான். நமக்கு அதுதான் காது.

பொருள் தடுமாறும் இடங்களில் கோடு வேண்டும் என்பதைப் பதிப்பாசிரியரும் மறுக்கவில்லை. ஆயினும், பதினாறாயிரம் இடத்தில் அது வெறும் அலங்காரம் என்று கண்டவன், பதினாறாயிரத்தோராவது இடத்திலும் அப்படித்தான் நினைப்பான். என் மருமகன் நினைத்ததும் அதுவே.

சொல்லுக்குப் பொருள் எழுதுவதுதான் அகராதியின் பெரிய வேலை, கோடு சில்லறை வேலை என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. 1755-ல் ஜான்சன் தம் அகராதியில் வலைப்பின்னல் என்ற எளிய சொல்லுக்கு எழுதிய விளக்கத்தைப் படித்தவர், விளக்கத்துக்கு விளக்கம் தேட மறுபடியும் அகராதியைப் புரட்ட வேண்டியிருக்கும். அத்தனை பெரிய மேதை ஒரு வாக்கியத்தில் செய்ய முடியாததைச் சில இடங்களில் ஒரு கோடு செய்துவிடுகிறது. கோடு போடுவதும் பொருள் சொல்வதுதான்.

தமிழ் வாசகருக்கு இது புரியாத விஷயமல்ல. 'வேலை கொடு' என்று கேட்க வேண்டியவன், ஓர் ஒற்றைச் சேர்த்து 'வேலைக் கொடு' என்று எழுதினால் அவன் கேட்டது உத்தியோகமல்ல, ஆயுதம்.

அகராதி நல்ல அகராதிதான்; வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் எடுத்த கோடுகளுக்கெல்லாம் ஏன் எடுத்தோம் என்று முன்னுரைக்குப் பக்கத்தில் பத்துப் பக்கம் எழுதியிருந்தால், எங்களைப் போன்ற கண்ணால் படித்த ஜனங்கள் நன்றியோடு இருந்திருப்போம்.