நாலேகால் அங்குலக் குழி

திருநின்றவூரில் 'லே-அவுட்' என்றால் எல்லோருக்கும் தெரியும். மஞ்சள் பெயின்ட் அடித்த கல், செம்மண் ரோடு, முகப்பில் ஒரு ஆர்ச். கோல்ஃப்காரர்களும் இதே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். அவர்களுடைய லே-அவுட்டையும் கொஞ்சம் பாருங்கள்.

மொத்தம் 18 குழிகள். 1764-ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் 22-ஐ 18 ஆக்கினார்கள். உலகம் அதையே பிடித்துக்கொண்டது. குழியின் குறுக்களவு நாலேகால் அங்குலம். பந்தை வைத்து அடிக்கத் தொடங்கும் இடம் 'டீ'. நடுவில் ஒட்ட வெட்டிய புல் 'ஃபேர்வே', ஓரத்தில் வளரவிட்டது 'ரஃப்', மணல் பள்ளம் 'பங்க்கர்', குழியைச் சுற்றிக் கம்பளம் மாதிரி 'கிரீன்'. வழக்கமான கணக்கில் மூன்று ஷாட்டில் முடிக்க வேண்டியவை நாலு, நாலு ஷாட் பத்து, ஐந்து ஷாட் நாலு. கூட்டிப் பாருங்கள், 72. அதுதான் 'பார்'.

நல்ல மைதானம் எது? பங்க்கரை மோசமாக ஆடுகிறவனுக்காக மட்டும் வெட்டக் கூடாது. குறுக்கு வழியில் போக நினைக்கும் கெட்டிக்காரனுக்கு ஆசை காட்டி, தப்பினால் தண்டிக்க வேண்டும். அதற்கும் முன்னால், மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று வரைகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த மண் ஞானத்துக்கு முழு மார்க்.

இடத்துக்கு மார்க் குறைகிறது. ஸ்காட்லாந்துக் கடற்கரை மணல்மேட்டில் புல் தானாக வந்தது. நம் வெயிலில் அதே பச்சைக்குத் தண்ணீர் கொட்டி மாளாது. புல்லுக்குப் பதில் மணலைக் கெட்டித்து 'பிரவுன்' என்று ஆடிய பழைய இந்திய கிளப்புகளுக்கு விவேகம் இருந்தது. கிண்டி ரேஸ்கோர்ஸின் 160 ஏக்கர் (உள்ளேதான் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம்) 1945-ல் 99 வருடக் குத்தகைக்குப் போனது, வருடம் சுமார் 614 ரூபாய்க்கு. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து சீல் வைத்தது. பிறகு அங்கே மழைநீருக்குக் குளம் வெட்டினார்கள். வேளச்சேரியில் இருப்பவர்களைக் கேளுங்கள், அந்தக் குளத்தின் மதிப்பைச் சொல்வார்கள்.

மண்ணின் சரிவு படிக்க நமக்கு ஸ்காட்லாந்து வேண்டியதில்லை. கரை, மதகு, கலங்கல் என்று ஏரி அமைத்தவர்கள் அதைத்தான் செய்தார்கள். திருநின்றவூர் ஏரியே சாட்சி. அதே ஊரில் பூசலார் ஒரு சென்ட் நிலமில்லாமல் மனசுக்குள்ளேயே கோயில் கட்டினார். மனசில் கட்டினால் தண்ணீர் தேங்காது. தரையில் மனை பிரிக்கிறவர்கள் கோல்ஃப்காரர்களின் அந்த முதல் கேள்வியையாவது கேட்கலாம். அடுத்த முறை மனை பார்க்கப் போனால், ஆர்ச்சைப் பார்க்காதீர்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கேளுங்கள்.